டொட்டோரோவின் காட்டைக் காப்பாற்றியது யார்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால அக்கா பொண்ணோட உட்கார்ந்து ‘மை நெய்பர் டொட்டோரோ’ பார்த்தேன். அவளுக்கு அப்போ ஏழு வயசு. படம் முடிஞ்சதும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “சித்தி, அந்தக் காடு நிஜமாவே இருக்கா?” எப்பவோ எங்கேயோ படிச்சது ஞாபகத்தில் இருந்தது. “இருக்கு. அந்தப் படம்தான் அதைக் காப்பாத்துச்சு” என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும்தான்.

அதையே ஒரு சின்னக் கட்டுரையாக எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் கதை நான் சொன்ன மாதிரி வரவில்லை. படத்துக்கு முன்னாடியே அந்தக் காட்டுக்காகச் சிலர் அலைந்துகொண்டிருந்தார்கள். காட்டைக் காப்பாற்ற அவர்கள் பிற்பாடு செய்த வேலைகளில் ஒன்று, கேட்டால் குழந்தை அழுதுவிடும்: மரம் வெட்டுவது. ஆக, நான் அவளிடம் சொன்னது பாதி தப்பு. அந்தப் பாதியைத் திருத்தத்தான் இது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹயாவோ மியாசாகி இயக்கி, ஸ்டுடியோ ஜிப்லி தயாரித்த அனிமேஷன் படம் இது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியானது. 1950களில் நடக்கிற கதை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சட்சுகி, மெய் என்று இரண்டு பெண் குழந்தைகள் அப்பாவோடு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். வீட்டை ஒட்டி ஒரு காடு. காட்டின் நடுவில் பெரிய கற்பூர மரம். அதன் வேருக்கடியில், பூனையும் ஆந்தையும் கலந்த மாதிரி, தொப்பை வைத்த ஒரு பிராணி தூங்குகிறது. அதுதான் டொட்டோரோ. அந்தப் பேரை வைத்தது சின்னவள் மெய்தான். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. மழையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பது, விதை நடுவது, அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுவது, இவ்வளவுதான் கதை.

அந்த ஆஸ்பத்திரிக் கதை சும்மா வந்ததில்லை. மியாசாகியின் அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல வருஷம் படுக்கையில் இருந்தவர். இடமும் அப்படித்தான். டோக்கியோவுக்கு மேற்கே, டோக்கியோவும் சைத்தாமா மாகாணமும் சேருகிற எல்லையில் சயாமா குன்றுகள் என்று ஒரு தாழ்வான மேட்டு நிலம் இருக்கிறது. கிழக்கு மேற்காகச் சுமார் 11 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 4 கிலோமீட்டர். அதன் ஓரத்தில் இருக்கும் டோகோரோசாவா நகரத்தில்தான் மியாசாகிக்கு வீடு. படத்தில் வரும் நிலத்தில் பெரும்பங்கு அவர் நடந்து பார்த்த நிலம். படத்து ஆஸ்பத்திரியின் பேர்கூட அங்கே இருக்கும் ஹச்சிகொக்குயாமா என்ற குன்றின் பேரை லேசாக மாற்றி வைத்ததுதான். பின்னணி ஓவியங்களைக் கவனித்துக்கொண்டவர் கலை இயக்குநர் கசுவோ ஓகா. அந்த வயல் வரப்பும் வேலியோரச் செடிகளும் ஒரு குறிப்பிட்ட ஊரைச் சேர்ந்தவை என்று பார்த்தாலே தெரியும்.

இன்றைக்கு டொட்டோரோ உலகம் பூரா தெரிந்த முகம். ஜிப்லியின் சின்னமே அதுதான். ஆனா படம் வந்தபோது அப்படி இல்லை. இசாவோ தகாஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டினார்கள். ஒன்று டொட்டோரோ, இன்னொன்று போரில் அநாதையாகி இறந்துபோகும் இரண்டு குழந்தைகளின் கதை. தியேட்டருக்கு வந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர்தான். மறு வருஷம் டிவியில் போட்ட பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், படம் வந்த உடனே நாடே எழுந்து காட்டைக் காப்பாற்றியது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோமே, அதற்கு அடிப்படையே இல்லை.

சரி, அந்தக் காடு எப்படிப்பட்ட காடு? நான் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

காடு என்றதும் நமக்கு மனுஷன் கைபடாத இடம் என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. சயாமா குன்றுக் காடு அதற்கு நேர் எதிர். ஜப்பானியர்கள் இதை ‘சத்தோயாமா’ என்பார்கள். ‘சத்தோ’ என்றால் ஊர், ‘யாமா’ என்றால் மலை. ஊரை ஒட்டி, ஊருக்காக, ஊர்க்காரர்கள் வைத்திருந்த காடு. அங்கே அதிகம் இருப்பது கொனாரா, குனுகி என்ற இரண்டு வகை ஓக் மரங்கள். பதினைந்து இருபது வருஷத்துக்கு ஒரு தடவை அவற்றை அடியோடு வெட்டுவார்கள். வெட்டியது விறகுக்கும் கரிக்கும் போகும். அடிக்கட்டையிலிருந்து புதுக் குருத்துகள் கிளம்பும். அதில் நல்லதாக ரெண்டு மூன்றை விட்டுவிட்டு மீதியைக் கழித்துவிடுவார்கள். மறுபடி ஒரு பதினைந்து இருபது வருஷம். ஒரு துண்டை இந்த வருஷம் வெட்டினால் பக்கத்துத் துண்டு அடுத்த வருஷம். அதனால் ஒரே காட்டில் பல வயசு மரங்கள் இருக்கும். குளிர்காலத்தில் உதிர்ந்த இலையை வாரிக்கொண்டு போய் மக்கவைத்து வயலுக்குப் போடுவார்கள்.

பக்கத்துச் சமவெளியில் இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது என்பதற்கு எழுத்து ஆதாரமே இருக்கிறது. 1690களில், கவாகோயே பகுதியின் பிரபுவாக இருந்த யோஷியாசு யானகிசாவா அங்கே புதுக் குடியிருப்புகள் அமைத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீளமான ஒரு பட்டை நிலம். ரோட்டோரம் வீடு, அதன் பின்னால் வயல், கடைசியில் காடு. அந்த மண் சத்தில்லாத எரிமலைச் சாம்பல் மண். இலை உரம் இல்லாவிட்டால் எதுவும் விளையாது. அதனால் வயல் வேண்டுமென்றால் காடு வேண்டும். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2023இல் உலகப் பாரம்பரிய வேளாண்மைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. சேர்த்த ஊர்களில் டோகோரோசாவாவும் உண்டு.

டொட்டோரோ இந்தக் குழந்தைகளுக்கு என்ன கொடுக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? இலையில் சுற்றி, ஒரு பொட்டலம் ஓக் விதை. வீடு முழுக்கச் சிதறிக் கிடப்பதும் அதே விதைதான். இலையும் விதையும், அந்தக் காட்டின் இரண்டு முக்கியமான விளைச்சல். அதை இத்தனை நாள் நான் அழகுக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன்.

இந்த ஏற்பாடு உடைந்தது படம் நடக்கிற காலத்துக்கு அடுத்தாற்போல. 1950களின் கடைசியிலும் 60களிலும் மண்ணெண்ணெயும் காஸ் சிலிண்டரும் கிராமத்து அடுப்புக்கு வந்தன. ரசாயன உரம் மூட்டையில் வந்தது. விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம், இலையும் வேண்டாம். முந்நூறு வருஷமாகச் சோறு போட்ட காடு, பத்துப் பதினைந்து வருஷத்தில் ‘சும்மா கிடக்கிற நிலம்’ ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் சும்மா கிடக்கிற நிலத்துக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சயாமா குன்றின் நடுப்பகுதி தப்பியதற்குக் காரணம் வேறு. டோக்கியோவின் குடிநீருக்காக அங்கே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். முராயாமா நீர்த்தேக்கம் 1927இல் முடிந்தது, யாமாகுச்சி நீர்த்தேக்கம் 1934இல். பள்ளத்தாக்கில் இருந்த கிராமங்கள் இடம்பெயர்ந்தன. தண்ணீர் கெடாமல் இருக்கச் சுற்றியுள்ள காட்டுக்கு வேலி போட்டார்கள். ஊரையே காலி செய்துவிட்டு வந்த தண்ணீர், பிற்பாடு காட்டுக்குக் காவல் ஆனது. ஆனா வேலிக்கு வெளியே இருந்த ஓரங்கள் எல்லாம் தனியார் நிலம். அங்கே வீட்டுமனைகள் வந்தன. 1979இல் பேஸ்பால் மைதானம் வந்தது. 80களில் ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகம் வந்தது. கேட்பாரில்லாத பள்ளங்களில் லாரி லாரியாகக் குப்பையும் கொட்டினார்கள்.

விற்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 80களின் கடைசியில் ஜப்பானில் நில விலை தாறுமாறாக ஏறியது. அப்பா இறந்தால், காட்டுத் துண்டுக்கும் சேர்த்து மகன் வாரிசு வரி கட்ட வேண்டும். அந்தக் காட்டிலிருந்து ஒரு யென் வருமானம் கிடையாது. வரியைக் கட்ட ஒரே வழி காட்டையே விற்பது. நல்ல மனசு இருந்தாலும் வைத்துக்கொள்ள முடியாத நிலைமை.

இதை எதிர்த்து உள்ளூர்க்காரர்கள் படத்துக்கு முன்பே திரண்டிருந்தார்கள். பறவை பார்க்கிறவர்கள், ஆசிரியர்கள், புதைபொருள் ஆர்வலர்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். மனு கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஒரு கட்டுமானத்தை எதிர்த்து ஓய்வதற்குள் இன்னொன்று வரும். சட்டப்படி நிலத்துக்காரர் விற்கிறார், ஒருவர் வாங்குகிறார். குறுக்கே நிற்க இவர்களுக்கு என்ன உரிமை? அப்படியென்றால் மிஞ்சுகிற வழி ஒன்றுதான். வாங்குகிற ஆளாக நாமே ஆகிவிடுவது.

இந்த யோசனை புதுசு இல்லை. இங்கிலாந்தில் ஆக்டேவியா ஹில் உள்ளிட்ட மூன்று பேர் 1895இல் தொடங்கிய ‘நேஷனல் டிரஸ்ட்’ இதைத்தான் செய்தது. ஜப்பானில் இதன் தொடக்கம் 1964, காமகுரா. பழைய ஹச்சிமான் கோயிலுக்குப் பின்னால் இருந்த குன்றில் வீட்டுமனை போட ஒரு திட்டம் வந்தபோது ஊர் திரண்டது. அங்கே குடியிருந்த நாவலாசிரியர் ஜிரோ ஒசராகி இங்கிலாந்து உதாரணத்தை எடுத்து எழுதினார். மக்கள் பணம் போட்டு 1966இல் ஒன்றரை ஹெக்டேர் வாங்கினார்கள். அதே வருஷம் பழந்தலைநகரங்களைப் பாதுகாக்க ஒரு சட்டமும் வந்தது. அடுத்து 1977, ஹொக்கைடோவின் ஷிரெட்டோகோ. 100 சதுர மீட்டருக்கு 8,000 யென் என்று நன்கொடை வாங்கி, விவசாயிகள் கைவிட்ட நிலத்தைத் திரும்பக் காடாக்கினார்கள்.

ஆனா காமகுராவுக்குக் கோயிலும் வரலாறும் இருந்தன. ஷிரெட்டோகோவில் கரடியும் கடல் கழுகும் இருந்தன. சயாமா குன்றில் என்ன இருந்தது? விறகு மரம். யாரும் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டாத, நாட்டில் எங்கே பார்த்தாலும் இருக்கிற சாதாரண ஊர்க்காடு. ஒசாகாவில் இருக்கும் ஒருவர் இதற்கு எதற்காக ஆயிரம் யென் அனுப்ப வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் டொட்டோரோ வருகிறது. டிவியில் படம் பார்த்துக் குழந்தைகள் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பேரைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. மியாசாகி படமும் வரைந்து கொடுத்தார். 1990இல் நிதி திரட்டல் ஆரம்பித்தது. வைத்த பேர் ‘டொட்டோரோ நோ ஃபுருசாட்டோ’. நம்ம மொழியில் சரியாக வரும்: டொட்டோரோவின் சொந்த ஊர். குழந்தைகள் உண்டியல் காசை அனுப்பினார்கள். 1991 ஆகஸ்டில் முதல் துண்டை வாங்கினார்கள். பேர், ‘டொட்டோரோ காடு எண் 1’.

அளவு எவ்வளவு தெரியுமா? 1,200 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம்ம கணக்கில் சுமார் 30 சென்ட். விலை 5 கோடி யென்னுக்கு மேல். படித்தபோது எனக்கு முகம் தொங்கிவிட்டது. 30 சென்ட் காட்டில் டொட்டோரோ காலை நீட்டிப் படுக்கவே இடம் பத்தாதே!

ஆனா அவர்கள் கணக்கு வேறு. நடுவில் ஒரு துண்டு விற்க முடியாத நிலமாகிவிட்டால், அதைச் சுற்றி மனை போடுகிறவருக்குத் தலைவலி. இன்னொன்று, மக்கள் தங்கள் பணத்தைப் போட்டு வாங்குகிற இடத்தை அரசு கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. சைத்தாமா மாகாணம் தன் பசுமை அறக்கட்டளை வழியாக அதே குன்றில் ஒரு காட்டை வாங்கிப் பாதுகாத்தது. நகராட்சிகளும் அங்கங்கே வாங்கின. டொட்டோரோ காடுகள் இன்றைக்கு அறுபதைத் தாண்டிவிட்டன. மொத்தம் சேர்த்தாலும் சில பத்து ஏக்கர்தான். குன்று முழுக்கச் சுமார் 3,500 ஹெக்டேர், அதாவது 8,600 ஏக்கர். அந்தத் துண்டுகள் அங்கங்கே முளையடித்த மாதிரி நிற்கின்றன.

பேரின் பலம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு உதாரணம். 2008இல் அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஓவியர்கள் சிலர் முன்னின்று, பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 200 ஓவியர்களிடம் படம் வாங்கி ஏலம் விட்டு, பணத்தை இந்தக் காட்டுக்கு அனுப்பினார்கள்.

வாங்கிய பிறகுதான் அடுத்த சிக்கல். வேலி போட்டு விட்டுவிட்டால் காடு தானாக நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அது நடக்காது. வெட்டாமல் விட்ட ஊர்க்காட்டில் குட்டை மூங்கில் ஆளுயரத்துக்கு மண்டிவிடும். தரைக்கு வெயில் வராது. வசந்தத்தில் கொஞ்ச நாள் மட்டும் பூக்கிற கத்தாகுரி மாதிரிச் செடிகள் போய்விடும். ஓக் விதை விழுந்தாலும் இருட்டில் கன்று பிழைக்காது. மரங்களும் கிழடாகிவிடும். கிழடான, தடித்த ஓக் மரங்களைத்தான் ஒரு சின்ன வண்டு தேடி வரும். அது துளை போடும்போது கூடவே ஒரு பூஞ்சணத்தைக் கொண்டுவருகிறது. கோடையிலேயே மரம் முழுக்கப் பழுத்துக் காய்ந்துவிடும். கடந்த சில வருஷங்களாக டோக்கியோவைச் சுற்றியுள்ள காடுகளில் இது பரவி, சயாமா குன்றையும் தொட்டுவிட்டது. பழைய மாதிரி இருபது வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கொண்டிருந்தால் இந்த வண்டுக்கு ஏற்ற பெருத்த மரம் இவ்வளவு இருந்திருக்காது.

அதனால் காட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் அரிவாளும் ரம்பமும் எடுக்க வேண்டியதாயிற்று. சனி, ஞாயிறுகளில் தொண்டர்கள் மூங்கிலை அறுக்கிறார்கள், இலை வாருகிறார்கள், மரத்தை வெட்டி அடிக்கட்டை துளிர்க்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த அமைப்பு 2004இல் ஒரு பழைய விவசாயக் குடும்பத்தின் வீட்டை வாங்கியது. பேர் ‘குரோசுகேயின் வீடு’, படத்தில் வரும் கரித்துகள் குட்டிகளின் பேர். வளாகத்தில் பழைய தேயிலை பதப்படுத்தும் கொட்டகையும் உண்டு. மியாசாகியும் படம் வரைந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. டோகோரோசாவா எல்லையில் ஆற்றோரம் இருந்த ஒரு சின்னத் தோப்பு மனையாகப் போக இருந்தபோது பெரிய தொகையாக நன்கொடை கொடுத்தார். அங்கே ஊர்க்காரர்களோடு சேர்ந்து குப்பை பொறுக்குகிறவர்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவும் தெரிந்தபிறகு படத்தை மறுபடி பார்த்தேன். நடுராத்திரியில் டொட்டோரோவும் குழந்தைகளும் தோட்டத்தில் ஆடுகிற காட்சி. கையைத் தூக்கத் தூக்க விதை முளைத்து வானம் முட்டுகிற மரமாகிறது. முன்னே எனக்கு ஞாபகம் இருந்தது அந்தப் பெரிய மரம் மட்டும்தான். விடிந்ததும் மரம் இல்லை. மண்ணில் விரல்நீளக் கன்றுகள். குழந்தைகளோ ஏமாந்துபோகவில்லை, குதிக்கிறார்கள். மந்திரம் செய்த வேலை அவ்வளவுதான். இனி தண்ணீர் ஊற்றுவது, களை பறிப்பது எல்லாம் அவர்கள் பாடு. நிஜத்திலும் டொட்டோரோ அவ்வளவுதான் செய்தது. அந்தக் குன்றுக்குப் பேரும் நண்பர்களும் தேடிக் கொடுத்தது.

ஒரே ஒரு வருத்தம் மிச்சம் இருக்கிறது. ஜப்பான் முழுக்க இதே மாதிரி ஊர்க்காடுகள் கணக்கில்லாமல் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் படம் எடுக்கவில்லை. அங்கேயும் பறவை பார்க்கிறவர்களும் ஆசிரியர்களும் மனு எழுதியிருப்பார்கள். ஆயிரம் யென் அனுப்பத்தான் ஆள் இருந்திருக்காது. நமக்குப் பிடித்த கதாபாத்திரம் குடியிருந்தால்தான் ஒரு காட்டின் மேல் நமக்கு அக்கறை வரும் என்றால், அது காட்டின் குறை இல்லை.

போன மாசம் அக்கா பொண்ணு வந்திருந்தாள். இப்போ ஒன்பது வயசு. நான் முன்னே சொன்னது தப்பு என்று சொல்லி, உள்ளூர்க்காரர்கள் கதையிலிருந்து ஆரம்பித்தேன். மரம் வெட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். “அப்போ டொட்டோரோ எங்க தூங்கும்?”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்ட மாட்டாங்க. இந்தப் பக்கம் வெட்டினா அந்தப் பக்கம் இருக்கும்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “வெட்டின இடத்துல மறுபடி வருமா?”

“வெயில் விழுந்தா வரும். யாராவது போய்ப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

இந்தத் தடவை அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஆனா அப்புறமும் நிறையக் கேள்வி கேட்டாள். 30 சென்ட் என்றால் எவ்வளவு பெரிசு என்று மொட்டை மாடியில் நின்று கேட்டாள். எதிர் மனையைக் காட்டி, அதைப் போல எத்தனை மடங்கு என்று ரெண்டு பேரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.